ஆறாம் நம்பர் பலகை

இலங்கை மலைநாட்டில் ஹாலிஎலவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் போய் நிரஞ்சலா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பலகைக்காரி வீடு என்று கேளுங்கள், நாய்கூட வழிகாட்டும். கொழும்பில் தரைப்பலகை விற்கிற கடையொன்றில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள். இவள் தேர்ந்தெடுத்த மரத்துக்கெல்லாம் முதலாளி தன் பேரைப் போட்டுக்கொண்டார். போதுமடா சாமி என்று ஊருக்கு வந்துவிட்டாள். வெள்ளைக்காரர் சுற்றிப்பார்க்க வருகிற எல்ல என்ற ஊரில் முளைக்கிற ஹோட்டல்களில் எந்த அறைத் தரைக்கு எந்த மரம் என்று தேர்ந்து கொடுப்பதுதான் இப்போது அவள் தொழில். மிதிக்கிற பலகைக்கு இவ்வளவு யோசனையா என்று லயத்து வரிசை வீட்டுச் சனம் முதலில் வாயைப் பிளந்தது. பிறகு பழகிவிட்டது.

அவள் மரம் தேர்கிற அழகைக் கேளுங்கள். கடைக்காரன் "இரும்பு மாதிரி இருக்கும்" என்பான். அவள் பேசாமல் மாதிரிப் பலகையை வாங்கி வந்து லயத்து வீட்டு முன்னறைத் தரையில் பதித்துவிடுவாள். ஒரு மாசம் அது அங்கேதான் கிடக்கவேண்டும். மழையில் கொழுந்தெடுத்துவிட்டு வருகிற பெண்கள் சேற்றுக் காலோடு அதன்மேல் நின்றுதான் ஊர்க்கதை பேசுவார்கள். அம்மா விஜயலெட்சுமி அதன்மேல் தேங்காய் உடைப்பாள், கருவாட்டுக் குழம்பைக் கொட்டுவாள். வேண்டுமென்று இல்லை, அவள் கைராசி அப்படி. பக்கத்து வீட்டு ஆடு வந்து செய்துவிட்டுப் போவதை இங்கே எழுதவேண்டாம். இத்தனைக்கும் தாங்குகிற மரம் வெள்ளைக்காரன் சூட்கேஸுக்குத் தாங்காதா என்பது அவள் கணக்கு.

இந்தத் தடவை விஷயம் பெரிது. டோஹாவில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு வந்த நிமலன் எல்லயில் சொந்தமாக ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார். முன்மண்டபத்துக்கு மரத்தரை வேண்டுமாம்.

"வெளிநாட்டு மரமா இருக்கணும் தங்கச்சி. ஆனா காட்ட அழிச்ச பாவம் நமக்கு வேணாம். வர்ற வெள்ளைக்காரன் மொதல்ல அதத்தான் கேக்குறான்" என்றார்.

நிரஞ்சலா தன் பேரில் எடுக்கிற முதல் வேலை. இதைச் சொதப்பினால் நிமலன் நேரே அந்தக் கொழும்பு முதலாளியிடம் போய்விடுவார். முதலாளியும் சும்மா இருக்கவில்லை, ஏற்கெனவே இரண்டு தடவை நிமலனுக்குப் போன் அடித்தாயிற்று. 

ஆறு தேசத்து மரத்தில் ஆறு மாதிரி வரவழைத்தாள். எந்தக் காட்டில் வெட்டியது, வெட்டிய இடத்தில் திரும்ப நட்டார்களா என்று ஒவ்வொன்றுக்கும் காகிதம் இருந்தது. அடிப்பக்கத்தில் சோக்கால் நம்பர் எழுதி, வரிசையாகப் பதித்தாள்.

மாசம் முடிந்தது. ஒன்று உப்பிப் போயிற்று, ஒன்று கறுத்தது, ஒன்றில் தேங்காய் உடைத்த பள்ளம். நாலும் ஐந்தும் ஏதோ பரவாயில்லை. ஆறாவது மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் கிடந்தது. நிமலன் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஏறி நின்று கண்ணை மூடினார்.

"ஆஹா! இதான் தங்கச்சி! வெளிநாட்டுச் சாமான்னா வெளிநாட்டுச் சாமான்தான்!"

நிரஞ்சலாவுக்குத் தலைகால் புரியவில்லை. நம்பரைப் பார்க்க, அவரை இறங்கச் சொல்லிப் பலகையைப் பெயர்த்துப் புரட்டினாள். நம்பரைக் காணோம். அங்கே இருந்தது அடுப்புக் கரி.

"அம்மா!"

அடுப்படியிலிருந்து சத்தமே இல்லை. வாய் ஓயாத விஜயலெட்சுமி சும்மா இருந்தால் ஏதோ செய்திருக்கிறாள் என்று அர்த்தம். கடைசியில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன்டி கத்துற? ஒன்னோட பலக தண்ணி பீப்பாய்க்கு மூடி மாதிரி கச்சிதமா இருந்துச்சு, நீ பதிச்ச மறுநாளே எடுத்துக்கிட்டேன். எடம் வெறுமையா கெடக்கக்கூடாதுன்னு அடுப்புப் பரணில கெடந்த டர்பன்டைன் மரத்துப் பலகைய அளவா அறுத்து வச்சேன். மூணு வருஷமா பொகையில காஞ்சது. நீதான் பெரிய பலகைக்காரியாச்சே, கண்டுபுடிக்கலையே!"

ஏழு வருஷம் மரம் பார்த்த கண்ணைச் சேற்றுக் கறை ஏமாற்றிவிட்டது. நிரஞ்சலாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நிமலன் பலகையைக் குனிந்து பார்த்தார்.

"டர்பன்டைனா? நம்ம மலையில வெறகுக்கு வெட்டுற மரமா?"

அவர் சப்பாத்தைத் தேடினார். போச்சுடா, எல்லாம் போச்சு! நிரஞ்சலா வாசலை மறித்துக்கொண்டாள்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. இது காட்ட அழிச்சு எடுத்ததில்ல, நட்டு வளத்த மரம். வெட்டுன எடத்துல திரும்ப நடுறாங்க, தோட்டத்துல காகிதமே வாங்கித் தாறேன். நல்லா காயவச்ச பலகையா பாத்து நானே எடுக்குறேன். எங்கம்மா கையில ஒரு மாசம் தாங்குன மரம், வேற என்ன வேணும்?"

"எல்லாம் சரி தங்கச்சி. வெளிநாட்டு மரம்னு ஊர் பூரா சொல்லிட்டனே! எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறது?"

"இதுவும் வெளிநாடுதாண்ணே. இதோட பொறந்த ஊரு ஆஸ்திரேலியா. வெள்ளக்காரன் காலத்துல கப்பல்ல கொண்டாந்து நட்டது."

நிமலன் ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே நின்றார். விஜயலெட்சுமிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அட! நம்ம ஆளுங்களும் அந்தக் காலத்துல தோட்ட வேலைக்கு இந்தியாவுலேருந்து கப்பல்லதானே வந்தாங்க? நம்மள இன்னும் எங்கேருந்து வந்தீங்கன்னு கேக்குறாங்க. இந்த மரத்த மட்டும் எப்ப தம்பி ஊர்க்காரனா சேத்துக்கிட்டீங்க?"

நிமலன் சிரிக்கத் தொடங்கினார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.  போட்ட ஒரு சப்பாத்தையும் கழற்றி வைத்தார்.

"மண்டபம் பூரா இதையே போடு தங்கச்சி. எங்கேருந்து வந்த மரம்னு எவனாவது கேக்கட்டும், நானே பதில் சொல்லிக்கிறேன்."