பதினான்காவது குழி

ஆறு வருடம் என் தொழில் கோல்ஃப். இதைச் சொன்னால் ஓசூரில் முதலில் ஒரு சிரிப்பு வரும், பிறகு ஒரு கேள்வி வரும்: "சரி, வேலை என்ன?" இதுதான் வேலை என்றால் நம்பமாட்டார்கள். பணக்காரர்கள் பொழுது போகாமல் ஆடுவதை ஒருத்தன் பிழைப்பாக வைத்திருக்க முடியும் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. குறை சொல்ல மாட்டேன். எனக்கே பல நாள் தோன்றியதில்லை.

அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து தொழிற்பேட்டை வேலைக்கு வந்தவர். நான் ஐடிஐ முடித்து, அவர் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தேன். கம்பெனிக்குத் தளி ரோட்டில் ஒரு விருந்தினர் விடுதி இருந்தது. வெளிநாட்டு இன்ஜினியர்கள் வந்து தங்குவார்கள். அவர்களுக்காக விடுதிக்குப் பின்னால் ஒன்பது குழி வைத்து ஒரு சின்ன கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார்கள். அங்கே தண்ணீர் மோட்டார் பழுது என்று என்னை அனுப்பினார்கள். வேலை முடிந்து கை துடைத்துக்கொண்டு நின்றபோது, ஆள் கிடைக்காமல் தனியாக ஆடிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் மட்டையை நீட்டினார். அடித்தேன். பந்து யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டிப் போய்விட்டது. அவர் பந்தைத் தேடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு மேனேஜர்களுக்கு ஜோடி தேவைப்பட்டபோதெல்லாம் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டு காலை முழுவதும் ஆடினேன். நாலு வருடத்தில் அங்கே என்னை ஜெயிக்க ஆள் இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் தொழில்முறைப் போட்டிகள் கூடிக்கொண்டிருந்தன. தகுதித் தேர்வு ஆட்டத்துக்குப் போனேன், முதல் தடவையிலேயே தேறிவிட்டேன். வேலையை விடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

"ஏலே, பெர்மனென்ட் வேலைய விட்டுட்டுப் பந்து பொறுக்கப் போறேங்கியே. கேக்கவன் சிரிக்க மாட்டானா?" என்றார் அப்பா.

"பொறுக்கப் போகலப்பா. அடிக்கப் போறேன்."

"ரெண்டும் ஒண்ணுதாம்ல."

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மனைவிக்கு மத்தூர்ப் பக்கம். மாமனாருக்கு மாந்தோப்பும் கொஞ்சம் தக்காளியும். அவர் விஷயம் கேள்விப்பட்டு மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"மாப்ள, பொண்ணு குடுக்கறப்ப கம்பெனி மாப்ளன்னுதான் ஊர்ல சொன்னோம். இப்ப கேக்கறவங்களுக்கு இன்னான்னு சொல்றது?"

நான் பதில் தேடுவதற்குள் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். "வெளையாட்டுல இருக்காருன்னு சொல்லுப்பா."

"கபடியா?"

"கபடி இல்லப்பா. அது வேற."

அவள் மட்டும்தான் என் பக்கம் நின்றாள். கோல்ஃப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான் ஆடிவிட்டு வரும் நாட்களில் வீட்டில் எரிந்து விழுவதில்லை என்பதைக் கவனித்திருந்தாள்.

முதல் போட்டியிலேயே என் குறை தெரிந்துவிட்டது. எங்கள் ஒன்பது குழி மைதானத்தில் குழியைச் சுற்றிப் புல் கிடையாது. எண்ணெய் கலந்து அமுக்கிய மணல்தான். அதில் பந்தைத் தள்ளினால் தள்ளிய கோட்டில் நேராகப் போகும். நான் பழகியது அந்த மணலில். பெரிய மைதானங்களில் குழியைச் சுற்றி விரிப்பு போல வெட்டிய புல். புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, காலையில் ஈரம் எவ்வளவு, சாய்வு எங்கே என்று எல்லாவற்றையும் பார்த்துத் தள்ள வேண்டும். முந்நூறு கஜம் அடித்துக் கைதட்டல் வாங்குவேன். பிறகு ஆறடி தூரத்தில் இருக்கும் குழிக்குள் பந்தைப் போட முடியாமல் நிற்பேன். ஒரு சின்னப் பிள்ளை செய்துவிடக்கூடிய காரியம் போல இருக்கும். ஆத்திரத்தில் அவசரப்பட்டுத் தள்ளுவேன், அடுத்ததும் தவறும்.

நாலு நாள் போட்டியில் இரண்டாம் நாள் முடிவில் பாதிப் பேரை அனுப்பிவிடுவார்கள். முதல் இரண்டு வருடம் அந்தப் பாதியில்தான் நான் இருந்தேன். சண்டிகருக்கும் கொல்கத்தாவுக்கும் இரண்டு நாள் ரயிலில் போய், இரண்டு நாள் ஆடி, இரண்டு நாள் ரயிலில் திரும்புவேன். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு ஓசூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கேட்பார்: "இன்னாப்பா, இரும்பு பைப்பா?" அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் பையைத் தட்டி "ஏன்ரீ இது?" என்று கன்னடத்தில் கேட்பார். திறந்து காட்டுவேன். ஒவ்வொரு மட்டையாக வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, கம்பி வியாபாரி இல்லை என்று உறுதியானதும் விடுவார். தோற்றுத் திரும்பும்போது அதற்குக்கூடப் பொறுமை இருக்காது. ஒருமுறை அவரிடம் சத்தம் போட்டுவிட்டு அரைமணி நேரம் ரோட்டோரம் நின்றேன்.

கர்நாடக எல்லை தாண்டி ஒரு மைதானத்தில், திங்கட்கிழமை காலைகளில் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பயிற்சிக்கு விடுவார்கள். இரண்டு வருடம் ஒரு திங்கள் விடாமல் போனேன். நீளமாக ஒரு பந்துகூட அடிக்கமாட்டேன். குழிக்கு அருகே நின்று தள்ளிக்கொண்டே இருப்பேன். முதுகு பிடித்துக்கொள்ளும். மூன்றாவது வருட நடுவில் கை புல்லைப் புரிந்துகொள்ள ஆரம்பித்தது. நாலு நாளும் ஆடும் போட்டிகள் வந்தன. ஒருமுறை பதினோராவது இடம். அப்பா அந்தச் செய்தித்தாள் துண்டைத் தொழிற்சாலை கேன்டீனில் காட்டியதாகப் பிறர் சொல்லித் தெரிந்துகொண்டேன். என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்தாவது வருடம்தான் அது நடந்தது.

வருடக் கடைசியில் ஆட்டக்காரர்களின் பட்டியல் ஒன்று வரும். அதில் ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு மேலே இருந்தால் அடுத்த வருடம் எல்லாப் போட்டியிலும் ஆடலாம். கீழே போனால் மறுபடி தகுதித் தேர்வு. நான் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தேன். கடைசிப் போட்டி பெங்களூர்ப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ். முதல் மூன்று நாளும் நன்றாக ஆடியிருந்தேன். கடைசி நாள் மனைவியும் மாமனாரும் பார்க்க வந்தார்கள். அவர்கள் என் ஆட்டத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மாமனார் வெள்ளை வேட்டியில், கயிறு கட்டிய எல்லைக்குப் பின்னால் கூடவே நடந்தார். ஆட்டத்தைவிடத் தண்ணீர்தான் அவர் கண்ணில் பட்டது. "இவ்ளோ தண்ணிய வெறும் புல்லுக்கு வுடறானுங்களே" என்று இரண்டு மூன்று தடவை மகளிடம் சொன்னார். எனக்கே கேட்டது. சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவ்வளவு லேசாக இருந்தேன்.

மொத்தம் பதினெட்டுக் குழி, அடி குறையக் குறைய நல்லது. பதினான்காவது, நாலு அடியில் முடிக்க வேண்டிய குழி. பந்து வலப்பக்கம் ஒரு மரத்தடியில் போய் விழுந்தது. பக்கவாட்டில் தட்டி வெளியே எடுத்து, ஐந்தாவது அடியில்தான் முடித்தேன். அடுத்த குழி ஐந்து அடி. அதை நாலில் முடித்துவிட்டேன். இழந்ததை உடனே எடுத்த சந்தோஷத்தில் மிச்ச மூன்று குழியும் பிசகில்லாமல் போயின. மொத்தம் அறுபத்தொன்பது. கோட்டைத் தாண்டிவிட்டேன் என்பது தெரிந்துவிட்டது.

கோல்ஃபில் நம் எண்ணிக்கையை நாம் எழுதுவதில்லை. கூட ஆடுகிறவர் எழுதுவார், நாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவோம். என்னுடையதை எழுதியவர் வடக்கே இருந்து வந்த ஆட்டக்காரர், நல்ல மனிதர். அவருக்கு அன்று எதுவும் சரியாக வரவில்லை, ரயிலுக்கு வேறு நேரமாகிவிட்டது. எண்ணிக்கையைச் சரிபார்க்கும் கூடாரத்தில் உட்கார்ந்து, அவர் எழுதிய அட்டையை வாங்கினேன். கூட்டிப் பார்த்தேன். அறுபத்தொன்பது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீயைக் குடித்துக்கொண்டே மூன்று பேரும் பெரிய பலகையைப் பார்க்க வந்தோம். ஒவ்வொரு குழிக்கும் யார் எத்தனை அடி என்று கலர் பேனாவில் எழுதியிருந்தார்கள். மாமனார் என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து விரல் வைத்தார். மனைவி வரிசையாகப் படித்துக்கொண்டே போனவள் நின்றாள்.

"ஏங்க, அந்த மரத்தாண்ட போச்சே, அந்தக் குழில அஞ்சுதான அடிச்சீங்க? நாலுன்னு போட்டிருக்காங்க."

பார்த்தேன். பதினான்கில் நாலு, பதினைந்தில் ஐந்து. இடம் மாறியிருந்தது. மொத்தம் மாறவில்லை. "எழுதறப்ப மாத்திட்டார்போல. இரு, சொல்லிட்டு வரேன்" என்று டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டுக் கூடாரத்துக்குப் போனேன். தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் தாளில் எண் தப்பாக விழுந்தால் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சின்னதாகக் கையெழுத்து வைப்போம். அப்படித்தான் இதையும் நினைத்தேன்.

அங்கே இருந்த அதிகாரியிடம் சொன்னேன். அவர் அட்டையை எடுத்துப் பார்த்தார். நிமிர்ந்தவர் முகத்தில் ஏதோ மாறிவிட்டிருந்தது.

"இது உங்கள் கையெழுத்துதானே?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஆமாம் சார். மொத்தம் சரியாத்தான் இருக்கு. ரெண்டு எண் இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்."

"மொத்தத்தைக் கூட்டுவது எங்கள் வேலை. ஒவ்வொரு குழிக்கும் எண் சரியா என்று பார்ப்பது உங்கள் வேலை. அடித்ததைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூடாரத்தை விட்டுப் போய்விட்டீர்கள்." புத்தகத்தைத் திருப்பி விதியைக் காட்டினார். போட்டியிலிருந்து நீக்கம்.

"சார், ஒரு குழியில குறைஞ்சிருக்குன்னா இன்னொன்னுல கூடியிருக்கே!"

"கூடியது அப்படியே இருக்கும். குறைந்ததற்குத்தான் தண்டனை. எனக்கு வருத்தமாக இருக்கிறது."

அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்துவதற்குக்கூட ஆள் இல்லை. எழுதிக் கொடுத்தவர் ரயிலுக்குப் போய்விட்டார்.

வெளியே வந்து சொன்னேன். மாமனாருக்குப் புரியவில்லை. "தப்ப நீங்களேதான மாப்ள போய்ச் சொன்னீங்க? அதுக்கா வெளிய அனுப்பிட்டானுங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மத்தூருக்குப் போக அவரைக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நாங்கள் ஓசூர் பஸ்ஸில் உட்கார்ந்தோம். சந்தாபுரம் தாண்டும்போது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நான் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்."

இல்லை, தப்பு என்னுடையது என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். ஆனால் சொன்னது வேறு.

"ஆமா. இருந்திருக்கலாம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

இதற்கு மேல் ஒரு கொடுமை, என்னை எல்லாரும் பாராட்டியது. ஒரு பத்திரிகையில் நாலு வரி போட்டார்கள், நேர்மையான ஆட்டக்காரர் என்று. பழைய மேனேஜர் ஃபோன் செய்து, உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்றார். நான் நேர்மைக்காகப் போகவில்லை சார், அந்த விதி எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் போயிருப்பேனா என்றே எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. "தேங்க்ஸ் சார்" என்று வைத்துவிட்டேன். விதி தெரியாத தொழில்காரன் என்று திட்டியிருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுபடி தகுதித் தேர்வில் ஆடினேன். ஒரே ஒரு அடி கூடிப்போய்த் தேறாமல் போயிற்று. அடுத்த வருடம் முழுக்க, யாராவது வராவிட்டால் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் பட்டியலில் இருந்தேன். நாலு தடவை கூப்பிட்டார்கள். மீண்டும் தேர்வு, மீண்டும் போயிற்று, இந்தத் தடவை ஆறு அடியில். ஒரு அடியில் போனபோது தூக்கம் வரவில்லை. ஆறு அடியில் போனபோது நன்றாகத் தூங்கினேன். அப்போதே முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

தொழிற்சாலையில் திரும்பக் கேட்டேன். கான்ட்ராக்ட்டில் வேண்டுமானால் வா என்றார்கள். என்னோடு சேர்ந்தவர்கள் சூப்பர்வைசர்களாக இருந்த பிரிவில் கான்ட்ராக்ட் ஆளின் நீலச் சட்டை போட்டுப் போக மனம் வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பந்தடித்துப் பழகும் இடம் ஒன்று திறந்திருந்தார்கள். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் காலையில் வருவார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. தலையை அசைக்காதீர்கள், முழங்கையை மடக்காதீர்கள் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வேன். கேட்கமாட்டார்கள்.

ஒரு கம்பெனி விழாவுக்கு, ஆடிக்காட்டுவதற்காகப் பெரிய ஆட்டக்காரர் ஒருவரை அங்கே கூட்டி வந்தார்கள். பார்த்தால் அன்றைக்கு என் அட்டையை எழுதியவர். ஆட்டத்தில் நன்றாக முன்னேறியிருந்தார். கை கொடுத்து, எங்கேயோ ஒன்றாக ஆடியிருக்கிறோம் என்றார். அந்தப் போட்டியைச் சொன்னேன், அட்டையைச் சொன்னேன், பதினான்கையும் பதினைந்தையும் சொன்னேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"அப்படியா? நானா எழுதினேன்? அந்த வாரம் நான் ரொம்ப மோசமாக ஆடினேன், அதுதான் ஞாபகம் இருக்கிறது. ஸாரி, பிரதர்."

நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அவரைக் கூப்பிட ஆள் வந்தது, போய்விட்டார். அவரை எங்காவது பார்த்தால் என்னென்ன கேட்பது என்று நாலு வருடமாக வைத்திருந்தேன். ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். ஞாபகம் இல்லையாம், பார் என்று மூன்றாவது தடவை நான் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவரு எழுதினதுக்கு அவருகிட்டக் கேக்கணும்னு இத்தன வருஷமா இருந்தீங்க. எங்கிட்டப் பஸ்ஸுல சொன்னீங்களே, அதுக்கு?"

தப்பு என்னுடையது என்றேன்.

"இதச் சொல்ல நாலு வருஷமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். கோபம் போனமாதிரி தெரியவில்லை.