பெருமாள்மலையில் புகை நின்ற நாட்கள்

மதினி படுத்து உறங்கியதை நான் முதன்முதலாகப் பார்த்தது, மலைப்பாதை சரிந்து கிடந்த நாட்களில்தான். மற்ற நாட்களில் என் அண்ணன் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். படுத்தால் மூச்சு அடைக்கும்.

அறுபதுகளின் தொடக்கம். பெருமாள்மலையில் அண்ணனுக்கு டீக்கடை. நான் கொடைக்கானல் பஸ்ஸில் கண்டக்டர். எங்கள் வீட்டுக்குக் கீழே, சரிவில், ஒரு காண்ட்ராக்டர் மரத்தை அடுக்கி மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி எரித்துக்கொண்டிருந்தான். அந்தப் புகை மேலே ஏறி, பனியோடு கலந்து, வெயில் வரும்வரை வீட்டுக்குள்ளேயே நிற்கும். சோற்றிலும் துணியிலும் அதே நெடி. உள்ளே மதினி இருமிக்கொண்டிருப்பாள். என் பஸ்ஸில் வந்த சீமான்களோ கொடைக்கானலில் இறங்கியதும் நெஞ்சு நிறைய இழுத்து, ஆகா என்ன காற்று என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐப்பசி மழையில் பாதை சரிந்தது. லாரி வரவில்லை, கரி ஏற்ற வழியில்லாததால் புது மூட்டம் போடவில்லை. மழை விட்டதும் வாசலிலிருந்து கீழ்நாட்டு வயல்கள் தெரிந்தன. மதினிக்கு இருமல் குறைந்தது. ஒருநாள் மேட்டில் ஏறி விறகு கொண்டுவந்தாள். வழியில் எங்கும் உட்காரவில்லை. தன் நோய் எதுவென்று அன்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பாதை திறந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு அவளே காண்ட்ராக்டரிடம் போனாள். மூட்டத்தை மலைக்கு அந்தப் பக்கம் மாற்றச் சொன்னாள். மலையென்றால் பனி இருக்கத்தான் செய்யும், ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழே போகவேண்டியதுதானே என்று அவன் சிரித்தான். அங்கே டீ கொண்டுவந்திருந்த அண்ணன், "அவ கெடக்கா, நீங்க சோலியப் பாருங்க" என்றான். கரி ஆட்கள்தான் அவன் கடைக்கு வாடிக்கை. அன்று அண்ணன்மீது வந்த கோபம் அவன் செத்த பிறகும் எனக்குத் தீரவில்லை.

மறுநாள் வெள்ளனே மூட்டத்துக்குத் தீ வைத்தார்கள். மதினி துணிகளை மூட்டை கட்டி, பஸ் ஏறி, மலைக்குக் கீழே கன்னிவாடியில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் ஒருமுறைகூடப் போய்க் கூப்பிடவில்லை. ஊர் அவளை வாழாவெட்டி என்றது. புகை போட்டவனுக்குத் திருவிழாவில் மாலை போட்டது.

தை மாதம் பார்க்கப் போனேன். காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. மேலே என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள்.

"புருசனோட வாழத் தெரியாதவளாம் மதினி."

களைவெட்டியை அவள் கீழே வைக்கவில்லை. "புகையோடதான் வாழ முடியலைன்னு சொல்லுங்க தம்பி."

சொன்னேன். கடை நிறைய ஆள் இருக்கும்போதே சத்தமாகச் சொன்னேன். அண்ணன் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.