ஐந்து வீட்டுக்கு ஒரு மீட்டர்

தொண்ணூறுகளின் நடுவில், பேட்டைப் பட்டறை ஒன்றில் தட்டச்சு வேலை எனக்கு. ஞாயிறுதோறும் பாளையங்கோட்டையில் ஒரு வகுப்புக்குப் போனேன். விறகு, எண்ணெய், மின்சாரம், இவை காற்றையும் தண்ணீரையும் என்ன செய்கின்றன என்பதற்கான அரிச்சுவடி. எங்கோ நிலக்கரி எரிகிறது, எங்கோ சாம்பல் விழுகிறது, இங்கே நாம் சுவிட்சைத் தட்டுகிறோம். கரும்பலகை முழுக்க அம்புக்குறிகள். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. முதல் பாடமே, உங்கள் வீட்டு மின்சாரத்தை அளந்து, குறைத்துக் காட்டுங்கள் என்பதுதான்.

என் வீட்டை மட்டும் எப்படி அளப்பது? நாங்கள் இருந்தது வளவில். ஒரு வாசல், ஒரு நடை, வரிசையாக ஐந்து வீடு, எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர். மின்சாரம் வாடகைக்குள் அடக்கம். வீட்டுக்கு மூன்று பல்பு, ஒரு ஃபேன், அதற்கு மேல் எதுவும் கூடாது. மீட்டர் பெட்டிச் சாவி வளவின் சொந்தக்காரரிடம் இருந்தது. அண்ணாச்சி என்போம். எழுதுவதைத் தன்னிடமும் காட்டவேண்டும் என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை வளவு முழுவதையும் அணைக்கச் சொல்லி, ஒவ்வொரு வீடாகப் போடச் சொன்னேன். மீட்டருக்குள் சுற்றும் தட்டின் கறுப்புப் புள்ளி கடந்துபோவதை எண்ணினேன். மூன்றாம் வீட்டுக்காரி தயங்கி நின்றாள். மதினி என்பேன். அவளிடம் சுருள்கம்பி போட்ட கரண்ட் அடுப்பு ஒன்று இருந்தது. இளைப்புக்காரி, விறகுப் புகை பட்டால் நெஞ்சு சீட்டியடிக்கும். ரேஷன் மண்ணெண்ணெய் பாதி மாதம்கூட வராது. அந்த அடுப்பு அண்ணாச்சியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பேசாமலிருப்பது வளவின் இன்னொரு சட்டம்.

“இதையும் எழுதணுமா தம்பி?”

“படிப்புக்குத்தான் மதினி. பேரெல்லாம் போடமாட்டேன்.”

பேர் போடவில்லை. ‘மூன்றாம் வீடு’ என்று போட்டேன்! ஐந்தே வீடு இருக்கிற வளவில், அப்படி எழுதியதை மறைப்பு என்று நம்பிய மூளை என் மூளை. போதாததற்கு, அடுப்பு போட்டதும் தட்டு பம்பரமாகச் சுற்றியதை அடிக்கோடிட்டு வேறு வைத்தேன்.

அண்ணாச்சி நிதானமாகப் படித்தார்.

“நல்லா எழுதுதீரு வே. இவ்வளவு நாளா எனக்குத் தெரியல பாத்தீரா.”

அன்று மாலையே ஆள் வந்து மூன்றாம் வீட்டுச் சுவரிலிருந்த பிளக் பாயிண்டைக் கழற்றிக்கொண்டு போனான். நான் அண்ணாச்சியிடம் போய்க் கெஞ்சினேன். வேண்டுமானால் தனி மீட்டர் வாங்கிக்கொள்ளட்டும் என்றார். அதற்கு வளவுச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். அதைப் போடவும் மாட்டேன் என்றார்.

மறுநாளிலிருந்து உடைமர விறகு. காலையில் நடை முழுக்கப் புகை படுத்துக் கிடக்கும். மீட்டர் மட்டும் சாதுவாகிவிட்டது. வகுப்பில் என் நோட்டைத் தூக்கிக் காட்டி, இவர்தான் உண்மையில் குறைத்துக் காட்டியவர் என்றார் ஆசிரியர். புகையை எங்கே எழுதுவது என்று கேட்டேன். அளக்க முடிந்ததை எழுதுங்கள் என்றார்.

அளந்தேன். நான்காம் வீடு என்னுடையது. நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். மதினி அடுப்பு மூட்டும்போது சுவரோரம் உட்கார்ந்து இருமல்களை எண்ணிக் கோடு கோடாகப் போட்டேன். ஒரு வாரம் அப்படி எழுதிக் கொண்டுபோனதை ஆசிரியர் புரட்டிப் பார்த்தார். கேலியில்லாமல்தான் கேட்டார், இதற்கு அலகு என்ன என்று. நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உதவாத படிப்பு, உதவாத நான்.

இருமலை எண்ணுவதை என் அம்மா எப்போதோ வாய்தவறி மதினியிடம் சொல்லியிருக்கிறாள். குழாயடியில் குடத்தைச் சாய்த்தபடி, மதினி என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“இருமுததையும் எழுதுதீங்களாமே. இதுக்கு எதைக் கழட்டிட்டுப் போவாவளாம்?”

அடுத்த நாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் விறகு வெடித்தது. புகை ஓட்டிடுக்கு வழியாக என் வீட்டுக்குள் இறங்கியது. இருமல் வரவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்திருக்க வேண்டும். அமுங்கின மூச்சு மட்டும் சுவரில் உரசிக்கொண்டிருந்தது, எண்ணுவதற்கு எதுவும் தராமல்.