பாதி கரைந்த அம்பாரம்

மரக்காணம் உப்பளத்தில் குழந்தைசாமியிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. இயேசு உயிர்த்தெழுந்ததற்குச் சரித்திரமே சாட்சி என்பது அவர் கட்சி. பயந்து ஓடிய சீடர்கள் திரும்பி வந்து உயிரையே கொடுத்தார்களே, பொய்க்காக எவனாவது சாவானா? அவருடைய கூட்டாளியான மச்சான் ஜெயசீலனுக்கு அது ஆகாது. கடவுள் உண்டு என்பதை முதலில் புத்தியால் நிறுவ வேண்டும், சரித்திரமெல்லாம் பிறகுதான் என்பார். உப்பு வாரும்போதும் இதே சண்டைதான்.

பக்கத்துப் பாத்தி சக்கரபாணி இந்து. மனைவி செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று மத்தியானம் கொட்டகையில் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: "ஏம்பா, செத்தவங்க எழுந்து வருவாங்கன்னு சொல்றீங்களே, நெசமாவா?"

"சாட்சி இருக்குது, சொல்றேன் கேளு" என்று குழந்தைசாமி ஆரம்பித்தார்.

"எடுத்த எடுப்புல சாட்சியா? மொதல்ல கடவுள் இருக்காருன்னு காட்டு மச்சான்" என்றார் ஜெயசீலன்.

"சக்கரபாணி எப்ப கடவுள் இல்லன்னாரு?" என்றார் குழந்தைசாமி.

குரல்கள் ஏறின. தகரக் கூரையில் மழை விழுந்ததுகூட இருவர் காதிலும் ஏறவில்லை. பதறி வெளியே வந்தபோது, அவர்களுடைய உப்பு அம்பாரம் பனை ஓலையால் மூடியிருந்தது. சக்கரபாணியுடையது பாதி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களுது பெருசு, அதான் மொதல்ல மூடினேன்" என்றார் சக்கரபாணி, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப நான் அவள பாப்பேனா, மாட்டேனா?"

'நீ பாப்பே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறந்ததிலிருந்து நம்புகிற குழந்தைசாமி அதைச் சொல்லாமல், ஓலையை எடுத்துக்கொண்டு சக்கரபாணியின் அம்பாரத்தை மூடப் போனார்.