மாதம்மாள் படுத்த புழு அறை

பட்டுப்புழுவுக்கு நான் இலை நறுக்கிக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் வந்து வாசலில் நின்றார். என் ஓரகத்தி மாதம்மாளை மூச்சுத் திணறலோடு தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர். "போற வழியிலயே மூச்சு நின்னுடுச்சுங்க அண்ணி" என்றார். நறுக்கிய இலையைத் தட்டில் போட்டுவிட்டுத்தான் நான் எழுந்தேன். புழு பட்டினி கிடக்கக் கூடாதே, அந்தப் பழக்கம்.

அவளைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் நல்ல சிரிப்புக்காரி என்கிறீர்கள். வாஸ்தவம். எனக்குப் படிப்பு மூன்றாவதோடு சரி. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

காரிமங்கலம் பக்கம் எல்லோரும் புழு வளர்க்க ஆரம்பித்தபோது நாங்களும் உள்ளறையைப் புழுவுக்கு விட்டோம். குளிர்ச்சிக்கு ஜன்னலில் ஈரச் சாக்கு. ஈ வராமல் எந்நேரமும் கதவு சாத்தியிருக்கும். ராத்திரி இலை போட ஆள் வேண்டும் என்று இளைய மருமகள் மாதம்மாளை அங்கேயே படுக்க வைத்தோம். அவள் தலைமாட்டுச் சுவர் கறுப்பும் பச்சையுமாகப் பூத்துப்போனது. புழுத் தட்டில் பூஞ்சை தெரிந்தால் சுண்ணாம்புத் தூளோடு ஓடுவோம். சுவரை யாரும் பார்க்கவில்லை.

"நான் புழுவாப் பொறந்திருந்தா தட்டு மாத்தி வெச்சிருப்பீங்க, இல்லக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்புறம் இழுப்பு வந்தது. பொம்மிடியில் அம்மா வீட்டுக்குப் போனால் நின்றுவிடும். திரும்பி வந்ததும் நெஞ்சு கீச்சுக்கீச்சென்னும். "அம்மா வூட்டுல வராத இருமல் இங்க மட்டும் எப்படி வருது?" என்பார் மாமியார். "வேலை நாளாப் பாத்து வருதுங்க அத்தை" என்று எடுத்துக் கொடுத்தவள் நான்தான். மாதம்மாள், "சரிங்கக்கா, இனிமே ஞாயித்துக்கிழமை இருமறேன்" என்று சொல்லி, இலைக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

போன மழைக்குப் பிறகு நானே அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். குழாய் வைத்துப் பார்த்தவர், "எங்கம்மா படுக்கறே? சுவத்துல ஈரம், பூஞ்சை இருக்கா?" என்று கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "அதெல்லாம் இல்லீங்க. நல்ல காத்தோட்டமான வூடுங்க."

பக்கத்தில் நம் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மருமகளைப் புழுவோடு படுக்க வைத்த வீடு என்று பேச்சு வருமே என்று பயந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

டாக்டரம்மா அவளைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள்.

மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அன்றைக்கே வந்து அதே சுவரோரம் படுத்தாள். பஸ்ஸில் வரும்போது, "ஏன் புள்ள ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டிருந்தேன். "நாலு பேர் முன்னால உங்களைப் பொய்க்காரி ஆக்கச் சொல்றீங்களாக்கா?" என்றாள். அவள் போகும்வரை நான் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. கட்டிலை இழுத்து வெளியே போடவும் இல்லை.

அவள் சேலை, வளையல் எல்லாம் அவள் அம்மா எடுத்துப்போய்விட்டார். என்னிடம் இருப்பது அந்த "ஆமாங்க" ஒன்றுதான். அதையும் அவள் மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொன்னாள்.