அந்தப் பக்கம் போனால் குறி மாறும்

என் மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது வகுப்பறையில் வலிப்பு வந்து விழுந்தாள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை, பள்ளி பஸ்ஸில். பாளையங்கோட்டையில் நாங்கள் பார்த்த டாக்டர், மாத்திரையைத் தவறாமல் போட்டால் போதும், தாராளமாகப் பள்ளிக்கு அனுப்பலாம் என்றார். அவளும் போகிறேன் என்றுதான் சொன்னாள். எனக்குத்தான் மனம் வரவில்லை. அவள் விழுந்து கிடந்தபோது ஒரு பிள்ளை சிரித்ததாக யாரோ சொன்னது என்னை விட்டுப் போகவே இல்லை. "ஒரு வருஷம் வீட்டிலயே இருந்து படிக்கட்டும்" என்றேன். ஒரு வருஷம் இரண்டாயிற்று. பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதவைப்பது என்று முடிவு செய்தோம்.

நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். பாசனத் துறை அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். மற்ற பாடங்களை அவளே படித்துக்கொள்ள, கணக்கை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். காலையில் சமையலை முடித்து ஆபீஸ் கிளம்புவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம். ஒரு காது குக்கரில் இருக்கும். ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும்.

வடிவியல் அவளுக்கு நன்றாக வந்தது. இயற்கணிதத்தில்தான் இடித்தது. எளிய சமன்பாட்டில்கூட விடையின் குறி தவறிப்போகும். −3x = 12 என்று கொடுத்தால் x = 4 என்று எழுதிவைப்பாள்.

"மைனஸ் எங்கட்டி போச்சு?"

"அந்தப் பக்கம் போச்சும்மா."

வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். "எதிர்த்துப் பேசாத. கவனமாப் போடு" என்று நோட்டைத் திருப்பித் தள்ளினேன். மறுநாளும் அதே தவறு, அதற்கு மறுநாளும். விடைக்கு மேலே சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுப் போட்டுத் தாள் கிழிந்த பக்கங்களும் உண்டு.

ஒரு நாள் அடுப்படியில் நின்று என் கணவரிடம் புலம்பினேன். "அவளுக்குக் கணக்கு ஓடவே மாட்டேங்கு. அந்த மாத்திரைதான் மூளைய மந்தமாக்குதோ என்னமோ."

"பையப் பேசு. அவ உள்ளதான் இருக்கா" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அடங்கிவிட்டாள் என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

பத்து நாள் சென்றிருக்கும். காலையில் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து பேனா விழுந்தது. நான் நிமிர்வதற்குள் நாற்காலியோடு சரிந்துவிட்டாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தேன். இரண்டு நிமிடம்தான். முடிந்தபோது என் சேலை முந்தியை அவள் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. ஒன்றரை வருஷமாக வராதது மறுபடியும் வந்துவிட்டது.

டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த பிறகு அவள் தூங்கினாள். மேஜையில் சிதறிக் கிடந்தவற்றை எடுத்துவைக்கும்போது ஜியோமெட்ரி பாக்ஸ் திறந்துகொண்டது. காம்பஸுக்கு அடியில் ஏழு மாத்திரைகள்.

அவள் எழுந்ததும் கேட்டேன். "எதுக்குட்டி இப்படிச் செஞ்ச?"

"நீங்கதானே அப்பாட்ட சொன்னீங்க, மாத்திரை போட்டா மந்தமாயிரும்னு. கொஞ்ச நாள் நிறுத்திப் பாத்தா கணக்கு வருதான்னு பாக்கலாம்னு நினைச்சேன்."

அவள் அதைச் சொன்னபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையில் இருந்த அவளுடைய கணக்கு நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில், ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, கலர் பென்சிலில் எழுதியிருந்தாள்: "அம்மா சொன்னது: அந்தப் பக்கம் போனால் குறி மாறும்."

நான் சொன்னதுதான். x + 5 = 12 என்ற கணக்கில், ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோனால் மைனஸ் ஐந்து ஆகிவிடும் என்று காட்டிவிட்டு, "இத மட்டும் மனசுல வச்சுக்க, போதும்" என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏன் மாறுகிறது என்று சொல்லவில்லை. கூட்டலுக்கும் கழித்தலுக்கும்தான் அது பொருந்தும், பெருக்கலுக்குப் பொருந்தாது என்றும் சொல்லவில்லை. அவள் மைனஸ் மூன்றையும் அந்தப் பக்கம் கொண்டுபோய், நான் சொன்னபடியே குறியை மாற்றி, பன்னிரண்டை மூன்றால் வகுத்து நாலு என்று விடை எழுதினாள். ஒவ்வொரு கணக்கிலும் அதே தவறு, அதே இடத்தில். கவனமில்லாத பிள்ளைக்கு அப்படித் தவறு வராது. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். "தப்பு உன் மேல இல்லட்டி. நான்தான் சரியாச் சொல்லித்தரல."

நோட்டை வாங்கிப் பார்த்தாள். "அப்போ நான் மட்டி இல்லையா?"

"இல்ல."

"நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சிருக்கேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து அவளே சொன்னாள். "எனக்கு வேற யாராவது கணக்குச் சொல்லித்தரட்டும்மா."

இரண்டு தெரு தள்ளி ஓர் ஆசிரியை மாலையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தார். மகளின் நோயைப் பற்றிச் சொல்லி, வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். "அதுக்கென்ன, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். முதல் நாள் நான் வாசலிலேயே நின்றேன். மகள் வெளியே வந்து, "நீங்க போங்கம்மா. எல்லாரும் பாக்காங்க" என்றாள். போய்த் தெருமுனையில் நின்றேன். உள்ளேயிருந்து பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் அவள் சிரிப்பும் இருந்தது. இந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் இரண்டு வருஷம் வீட்டுக்குள் பூட்டிவைத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து அழைத்துவரப் போனபோது ஆசிரியை சொன்னார். "சமன்பாடெல்லாம் இப்ப விறுவிறுன்னு போடுதா. முதல்ல குறியில தடுமாறுனா. என்னன்னு கேட்டா, 'எங்கம்மா சரியாத்தான் சொன்னாங்க, நான்தான் தப்பா எழுதிக்கிட்டேன்'ங்கா."

மகள் என் பின்னால் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். இல்லை, தவறு என்னுடையது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். "அப்படியா" என்று சிரித்துவைத்தேன்.

ஸ்கூட்டரில் வரும்போது கேட்டேன். "எதுக்குட்டி அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க?" என்றாள்.

தேர்வில் தேறிவிட்டாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு. டவுன் பஸ்ஸில் தனியாகப் பள்ளிக்குப் போய் வருகிறாள். மாத்திரையை அவளே நினைவாகப் போட்டுக்கொள்கிறாள். அந்த ஆசிரியையைக் கடைத்தெருவில் அடிக்கடி பார்க்கிறேன். மகளைப் பற்றி விசாரிப்பார். நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்வேன். அதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை.