இடது மூலைப் பொத்தான்கள்

எதையும் நோண்டிப் பார்ப்பதால் நோண்டி என்றே பெயர் வாங்கியவனுக்கு ஆறு வருடமாக உள்ளுக்குள் ஒரு எரிச்சல். தெருவில் எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவன் கடைக்குத்தான் வரும். கூடப்பிறந்த அக்காவின் மெஷினை மட்டும் தொடவிட மாட்டாள். எட்டாவதோடு நின்றவன் என்கிற இளக்காரம்தான் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான்.

அக்கா ஒரு அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பாடப்புத்தகப் பக்கங்களைத் திருத்திக் கொடுப்பவள். புருஷன் போனபின் அதுதான் சோறு. லினக்ஸ் போட்ட பழைய மெஷின். விண்டோவை மூடுகிற, சுருக்குகிற பொத்தான்கள் எல்லாம் அதில் இடது மூலையில் இருக்கும். பார்க்கும்போதெல்லாம் இவனுக்குக் கை துறுதுறுக்கும்.

"என்னக்கா இது, செருப்பைக் கால் மாத்திப் போட்ட மாதிரி?"

"என் கால், என் செருப்பு. போய் உன் கடையைப் பாருடா."

ஒரு செவ்வாய்க்கிழமை, பேங்குக்குப் போவதாகச் சொல்லி வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். இவன் உட்கார்ந்துவிட்டான். விண்டோக்களுக்குச் சட்டமும் பொத்தானும் மாட்டி, எது எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற விண்டோ மேனேஜரைத் தூக்கிவிட்டு, இலேசான வேறொன்றைப் போட்டான். மெஷின் பறந்தது. பொத்தான்கள் ஊர் உலகத்தில் இருக்கிறபடி வலப்பக்கம் வந்தன. கேள்வி கேட்கிற சின்னப் பெட்டிகளும் வலது ஓரத்துக்குப் போயின.

அக்கா வந்து உட்கார்ந்தாள். மவுஸ் இடது மூலைக்குப் போய்த் திகைத்து நின்றது. பிறகு கழுத்தையே திருப்பி வலப்பக்கம் தேடினாள்.

"கழுத்து சுளுக்காக்கா? ரெண்டு நாள்ல பழகிடும்."

ஐந்து மணிக்குள் பக்கங்கள் போயாக வேண்டும். அவள் வேலையில் இறங்கினாள். நாலரைக்கு ஃபைலை மூடினாள். சேமிக்கவா, வேண்டாமா என்று கேட்கும் பெட்டி வலது ஓரத்தில் வந்து நின்றது. மூடியாயிற்று என்று எண்ணி அவள் தட்டிய அடுத்த எழுத்தையே 'வேண்டாம்' என்று அது எடுத்துக்கொண்டது. நாற்பது பக்கத் திருத்தமும் போயிற்று.

அச்சக மேனேஜர் போன் செய்தார். அக்கா போனை இவனிடம் நீட்டினாள். 'நான்தான் சார் நோண்டினேன்' என்று ஒரு வார்த்தை. அது வாயில் வரவில்லை.

"பெட்டி கண்ணு முன்னாடிதான் சார் வந்துச்சு. அக்காதான் பாக்கலை."

"பாக்கலையா? ஏன், பார்வை சரியில்லையா?"

இவன் திரும்பினான். அக்காவின் கைப்பையிலிருந்து கண் டாக்டர் சீட்டு எட்டிப் பார்த்தது.

போனை வைத்ததும் சொன்னாள்: "வலது கண்ணு போயி ஆறு வருஷமாச்சு. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னுதான் உன்னை அண்ட விடலை. உன் வாய் நிக்காதேடா."

அந்த மாதத்தோடு வேலை வேறொருத்தி கைக்குப் போனது. மன்னிப்புக் கேட்க இவனுக்குத் தைரியம் வரவில்லை. காய்கறி வாங்கி வாசலில் வைத்துவிட்டு நழுவுவான். ஒருநாள் பிடித்து நிறுத்தினாள்.

"உள்ள வா. பொத்தானை எல்லாம் பழையபடி இடப்பக்கம் வை. வேற அச்சகத்துல கேட்டிருக்கேன். அவங்க உன்னை விசாரிச்சா, அக்காவுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு."